புகைப்படம் திருத்த எந்த மென்பொருள்?



"ஐயா, புதிதாகப் படம் எடுக்கப் பழகுகிறேன். படங்களைத் திருத்த எந்த மென்பொருள் நல்லது?" கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் என்னிடம் ஆண்டுதோறும் யாராவது ஒருவர் இக்கேள்வியைக் கேட்கத் தவறுவதில்லை. கேட்பவர் கையில் சில சமயம் உறவினர் கொடுத்த பழைய காமிரா இருக்கும். பெரும்பாலும் கைப்பேசிதான் இருக்கும். இப்போது பள்ளி மாணவர்களும் இதையே கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொடக்க நிலையில் உள்ளவர் ஒரு மென்பொருளிடம் மூன்று குணங்களை எதிர்பார்க்க வேண்டும். ஒன்று, அது மூலப் படத்தை அழிக்கக் கூடாது. இரண்டு, தான் செய்யும் மாற்றத்தை அது நமக்கு அளந்து காட்ட வேண்டும். மூன்று, ஒளி கொண்டுவராத எதையும் நம்மைக் கேளாமல் படத்தில் சேர்க்கக் கூடாது. இம்மூன்று குணங்களும் உள்ள மென்பொருள்கள் காசில்லாமலே கிடைக்கின்றன. ஆகவே விலையையும் விளம்பரத்தையும் பார்த்து மயங்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. இக்கருத்துக்கு என்ன ஆதாரம் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். வாருங்கள், ஆராய்வோம்.

எண்களால் ஆன படம்

1957-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனத்தில் பணியாற்றிய ரஸ்ஸல் கிர்ஷ் என்பவர், மூன்று மாதக் குழந்தையாக இருந்த தம் மகனின் புகைப்படம் ஒன்றைக் கணிப்பொறிக்குள் ஏற்றினார். கணிப்பொறிக்குப் படம் தெரியாது, எண்தான் தெரியும். ஆகவே படத்தை 176 வரிசைகளாகவும், ஒவ்வொரு வரிசையையும் 176 புள்ளிகளாகவும் பிரித்தார்கள். மொத்தம் 30,976 புள்ளிகள். 1975-ல் கோடக் நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்டீவன் சாஸன் உருவாக்கிய டிஜிட்டல் காமிராவில் புள்ளிகள் பத்தாயிரமே. ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைக் காசெட் நாடாவில் பதிவு செய்ய அதற்கு 23 வினாடிகள் பிடித்தன!

இன்று உங்கள் கைப்பேசி கோடிக்கணக்கான புள்ளிகளைக் கண்ணிமைக்கும் நேரத்தில் பதிவு செய்கிறது. ஆயினும் அடிப்படை மாறவில்லை. பிக்சல் எனப்படும் ஒவ்வொரு புள்ளியும் சில எண்களே. நாம் அன்றாடம் அனுப்பும் ஜேபெக் வகைப் படங்களில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே 0 முதல் 255 வரை ஓர் எண் இருக்கும். மூன்றும் 0 என்றால் கருமை. மூன்றும் 255 என்றால் வெண்மை.

அப்படியானால் படத்தைத் திருத்துவது என்பது என்ன? வெறும் கணக்குதான். வெளிச்சத்தைக் கூட்டுவது என்றால் எண்களைக் கூட்டுவது அல்லது பெருக்குவது. மங்கலாக்குவது என்றால் பக்கத்துப் புள்ளிகளோடு சேர்த்துச் சராசரி காண்பது. கூர்மையாக்குவது என்றால் பக்கத்துப் புள்ளிகளுக்கு இடையேயுள்ள வேறுபாட்டைப் பெரிதாக்குவது. நூறு ரூபாய்க் கால்குலேட்டரில் ஏழையும் எட்டையும் பெருக்கினாலும் 56. பத்தாயிரம் ரூபாய்க் கணிப்பானில் பெருக்கினாலும் 56. வெளிச்சம், நிறம், அளவு போன்ற அடிப்படைத் திருத்தங்களில் விலையுள்ள மென்பொருளுக்கும் விலையில்லா மென்பொருளுக்கும் உள்ள வேறுபாடும் அவ்வளவுதான்.

இருநூறும் இருநூற்று முப்பதும்

இப்போது முதல் குணத்துக்கு வருவோம். நோட்டுப் புத்தகத்தில் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். வெள்ளைத் தட்டு ஒன்றைப் படம் எடுத்திருக்கிறீர்கள். தட்டின் விளிம்பில் ஒரு புள்ளியின் எண் 200. நடுவில் மற்றொரு புள்ளியின் எண் 230. தட்டின் வளைவு கண்ணுக்குத் தெரிவது இந்த 30 வேறுபாட்டால்தான்.

படம் இருட்டாக இருக்கிறதென்று எல்லாப் புள்ளிகளுக்கும் 80 கூட்டுகிறீர்கள். 200 என்பது 280 ஆக வேண்டும்; 230 என்பது 310 ஆக வேண்டும். ஆனால் 255-க்கு மேல் இடமில்லை அல்லவா? இரண்டுமே 255-ல் முட்டி நிற்கும். படத்தைச் சேமித்துவிடுகிறீர்கள். மறுநாள் பார்த்தால் வெளிச்சம் அதிகமாகத் தெரிகிறது. சரி, 80-ஐக் குறைத்துவிடலாம் என்று கழிக்கிறீர்கள். இரண்டும் 175 ஆகின்றன. முன்பு இருந்த 30 வேறுபாடு எங்கே? போயே போய்விட்டது. தட்டு தட்டையான சாம்பல் நிற வட்டமாகிவிட்டது. உலகில் எந்த மென்பொருளாலும் அந்த 30-ஐத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஏனெனில் 175 என்ற எண்ணைப் பார்த்து, அது முன்பு 200-ஆக இருந்ததா 230-ஆக இருந்ததா என்று யாராலும் சொல்ல இயலாது.

நல்ல மென்பொருள் இவ்விடத்தில் வேறு விதமாக நடந்துகொள்கிறது. அது மூலப் படத்தைத் தொடுவதேயில்லை. "வெளிச்சம் 80 கூட்டு" என்று ஒரு குறிப்பை மட்டும் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்கிறது. திரையில் நீங்கள் பார்ப்பது, மூலப் படத்தின் மேல் அந்தக் குறிப்பைச் செயல்படுத்திய விளைவு. மறுநாள் அந்தக் குறிப்பை நீக்கிவிட்டால் 200 அதே 200-தான். 230 அதே 230-தான். ஆய்வகத்தில் பென்சிலால் குறித்த அளவீட்டை அழித்துவிட்டு மேலே எழுதக் கூடாது என்று ஆசிரியர் சொல்வார் அல்லவா? அதே விதிதான் இங்கும்.

நெகடிவும் அச்சும்

இந்த எண்ணம் புதியதன்று. பிலிம் சுருள் காலத்திலும் இருந்ததுதான். அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் 1941-ல் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஒரு சிற்றூரின் மேல் நிலவு எழும் காட்சியை ஒரு படம் எடுத்தார். அந்த ஒரே நெகடிவிலிருந்து பல பத்தாண்டுகள் அவர் அச்சுப் போட்டுக்கொண்டே இருந்தார். பிற்கால அச்சுகளில் வானம் முன்னைவிடக் கறுத்தது. நிலவு மேலும் எடுப்பாகத் தெரிந்தது. கலைஞரின் பார்வை மாற மாற அச்சும் மாறியது. நெகடிவ் கையில் இருந்ததால்தான் அது முடிந்தது.

இன்றைய காமிராக்களில் நெகடிவுக்கு ஒப்பானது 'ரா' எனப்படும் பதிவு. உணர்வி அளந்த எண்கள் ஏறத்தாழ அப்படியே அதில் இருக்கும். ஜேபெக் படத்தில் ஒரு நிறத்துக்கு 256 படிகள் என்றோம். 14 பிட் ரா பதிவில் 16,384 படிகள்! அதாவது ஜேபெக்கில் ஒரு படி இருக்கும் இடத்தில் சராசரியாக 64 படிகள். நிழலில் மறைந்த முகத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவர வேண்டுமானால் இந்த நுண்ணிய படிகள் உதவும். பல கைப்பேசிகளிலும் ரா பதிவுக்கு வழி இருக்கிறது. அமைப்புப் பட்டியலில் தேடிப் பாருங்கள்.

கண் ஏமாறும், வரைபடம் ஏமாறாது

இரண்டாவது குணம், அளந்து காட்டுவது. "கண்ணால் பார்த்தால் தெரியாதா?" என்று நீங்கள் கேட்கலாம். கண் நம்பத்தக்க அளவுகோல் அன்று. ஒரே சாம்பல் நிறக் காகிதத்தை இரண்டாக வெட்டி, ஒன்றைக் கறுப்பு அட்டையின் மேலும் மற்றொன்றை வெள்ளை அட்டையின் மேலும் வையுங்கள். கறுப்பின் மேல் உள்ளது வெளுப்பாகத் தோன்றும். போதாக்குறைக்கு, வெயிலில் பார்க்கும் திரை ஒன்று. இரவில் பார்க்கும் திரை வேறொன்று. இரவில் "அருமை" என்று வியந்த படம் காலையில் கண்றாவியாகத் தெரிவது இதனால்தான்.

கணிதப் பாடத்தில் நிகழ்வுச் செவ்வகம் வரைகிறீர்களே, அது இங்கே கை கொடுக்கும். எந்த எண்ணில் எத்தனை புள்ளிகள் உள்ளன என்பதை மென்பொருள் நிகழ்வுச் செவ்வகமாக வரைந்து காட்டும். ஆங்கிலப் பெயரால் ஹிஸ்டோகிராம் என்பார்கள். புள்ளிகளெல்லாம் இடக்கோடியில் குவிந்திருந்தால் படம் இருட்டு. வலக்கோடியில் சுவர்போல் எழுந்து முட்டி நின்றால், நம் வெள்ளைத் தட்டுக்கு நேர்ந்த கதி அங்கேயும் நேர்ந்திருக்கிறது என்று பொருள். திரையின் வெளிச்சம் எப்படியிருந்தாலும் இந்த வரைபடம் மாறாது. இதைக் காட்டாத மென்பொருள், வெப்பநிலைமானி இல்லாமல் காய்ச்சல் பார்ப்பது போன்றது.

ஒளி கொண்டுவராததைச் சேர்ப்பது

மூன்றாவது குணமே எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. முதலில் சிறிது இயற்பியல். ஒளி, போட்டான்கள் என்னும் துகள்களாக வந்து உணர்வியில் விழுகிறது. மழைத்துளிகளைப் போல அவை ஒழுங்கின்றி விழுகின்றன. சராசரியாக 10,000 போட்டான்கள் விழும் புள்ளியில் ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலமாகிய 100. அதாவது 1 விழுக்காடு. இருட்டில் 100 போட்டான்களே விழுந்தால் ஏற்ற இறக்கம் 10. அதாவது 10 விழுக்காடு! இருட்டில் எடுத்த படம் பொரிபொரியாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வெளிச்சத்தைப் பெருக்கினால் படத்தோடு சேர்ந்து பொரியும் பெருகும், விழுக்காடு மாறாது.

இங்கே மென்பொருளுக்கு இரண்டு வழிகளே உண்டு. ஒன்று, சராசரி கண்டு பொரியை மறைப்பது. அதில் நுண்விவரமும் சிறிது மறையும். மற்றொன்று, அங்கே என்ன இருந்திருக்கக்கூடும் என்று ஊகித்து வரைவது. இந்த இரண்டாவது வழிதான் இப்போது பெருகி வருகிறது.

2023-ஆம் ஆண்டில் ஒருவர் ஒரு நல்ல சோதனை செய்தார். நிலவின் படம் ஒன்றை 170-க்கு 170 புள்ளிகளாகச் சுருக்கி, வேண்டுமென்றே மங்கலாக்கி, கணிப்பொறித் திரையில் காட்டினார். அறையை இருட்டாக்கித் தொலைவில் நின்று சாம்சங் கைப்பேசியால் அத்திரையைப் படம் எடுத்தார். திரையில் இருந்ததோ மங்கிய வெள்ளை வட்டம். கைப்பேசி தந்த படத்திலோ திரையில் இல்லாத நுண்விவரங்கள் தெரிந்தன! நிலவு என்று அடையாளம் கண்டதும் அதன் விவரங்களைத் தெளிவாக்கும் செயற்கை நுண்ணறிவுச் செயல்முறை தன் காமிராவில் இருப்பதை அந்நிறுவனமே விளக்கி எழுதியது. அதே ஆண்டில் போட்டோஷாப்பிலும், சொல்லால் கேட்டால் இல்லாத பொருளைப் படத்தில் வரைந்து நிரப்பும் வசதி சேர்ந்தது.

படத்தில் கைவைப்பது புதிய பழக்கமன்று. 1982 பிப்ரவரி நேஷனல் ஜியாகிரபிக் இதழின் அட்டையில் எகிப்தின் கீசா பிரமிடுகள் வெளியாயின. நெட்டுவாக்கான அட்டையில் அடங்குவதற்காகக் கணிப்பொறி உதவியால் அவற்றை ஒன்றுக்கொன்று நெருக்கமாக நகர்த்தியிருந்தார்கள். பெரும் கண்டனம் எழுந்தது. ஆனால் அன்று அதைச் செய்ய விலை உயர்ந்த கருவியும் ஒருவரின் முடிவும் தேவைப்பட்டன. இன்று நாம் முடிவு செய்யாமலே அது நடந்துவிடுகிறது. அதுதான் கவலைக்குரியது.

இதனால் நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். அறிவியல் கண்காட்சிக்காக உளுந்துச் செடியில் மஞ்சள் தேமல் நோய் பரவுவதைப் பத்து நாட்கள் படம் எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இலையில் பச்சை எவ்வளவு, மஞ்சள் எவ்வளவு என்பதே உங்கள் கண்டுபிடிப்பு. 'அழகாக்கு' என்னும் பொத்தான் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விதமாகப் பச்சையைத் தூக்கிவிட்டால் உங்கள் பத்து நாள் உழைப்பு என்ன ஆகும்? படம் கண்ணுக்கு அழகாயிருக்கும், சான்று போயிருக்கும். திருமண அழைப்பிதழுக்கும் வாழ்த்து மடலுக்கும் பூவும் வானவில்லும் சேர்ப்பதில் தவறில்லை. ஆனால் சேர்ப்பது நாம் அறிந்து, நாம் தீர்மானித்துச் சேர்ப்பதாக இருக்க வேண்டும்.

சரி, எதைத்தான் தேர்வது?

கணிப்பொறி இருந்து, காமிராவில் ரா பதிவும் இருந்தால் டார்க்டேபிள் அல்லது ராதெரபி. டார்க்டேபிள் 2009-ல் தொடங்கியது. ராதெரபி ஹங்கேரியில் பிறந்து, 2010-ல் கட்டற்ற மென்பொருள் ஆயிற்று. இரண்டும் மூலப் பதிவைத் தொடாமல், செய்த திருத்தங்களைச் சிறு கோப்பாகப் பக்கத்தில் எழுதி வைப்பவை. இரண்டிலும் நிகழ்வுச் செவ்வகம் எப்போதும் கண்முன் இருக்கும். வேகம் குறைந்த பழைய கணிப்பொறியில் டார்க்டேபிள் திணறக்கூடும். அப்போது ராதெரபியை முயன்று பாருங்கள்.

ஜேபெக் படங்கள் மட்டுமே இருந்தால், அல்லது படத்தின் மேல் எழுத்தும் அம்புக்குறியும் இட வேண்டுமென்றால் கிம்ப். இதன் வரலாறு உங்களுக்குப் பிடிக்கும். 1995-ல் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மேட்டிஸ் என்ற இரு மாணவர்கள் வகுப்புத் திட்டப்பணியாகத் தொடங்கியது இது! 2025-ல் அதன் மூன்றாம் பதிப்பு வெளிவந்தது. அதில் பல மாற்றங்களைப் பின்னர் திரும்பச் சென்று திருத்தவும் வழி செய்திருக்கிறார்கள். இம்மூன்றின் நிரலையும் யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம். 'கூர்மையாக்கு' என்ற கட்டளை உள்ளே என்ன கணக்குப் போடுகிறது என்று அறிய விரும்பும் மாணவருக்கு இதைவிட நல்ல பாடநூல் ஏது?

கைப்பேசி மட்டுமே இருந்தால் ஸ்னாப்சீட். இது கூகுள் நிறுவனத்துடையது, நிரல் திறந்ததன்று. ஆனாலும் செய்த திருத்தங்களை வரிசையாகக் காட்டும். எதை வேண்டுமானாலும் திரும்பச் சென்று மாற்றலாம், நீக்கலாம். காசில்லாமல் கிடைப்பதெல்லாம் நல்லது என்றும் எண்ண வேண்டாம். பயன்படுத்தத் தொடங்கியதுமே முகத்தை வெளுக்க வைத்து, படத்தை எங்கோ உள்ள கணிப்பொறிக்கு அனுப்பிவைக்கும் செயலிகளும் காசில்லாமல்தான் வருகின்றன.

சில மறுப்புகள்

"தொழிலில் இருப்பவர்கள் போட்டோஷாப்பைத்தானே பயன்படுத்துகிறார்கள்?" என்று கேட்கலாம். உண்மை. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வு மாணவராயிருந்த தாமஸ் நோல் 1987-ல் எழுதத் தொடங்கி, தம் சகோதரர் ஜானுடன் சேர்ந்து வளர்த்த போட்டோஷாப், 1990-ல் அடோபி நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. அது பெரும் சாதனை, ஐயமில்லை. நுண்பொரி நீக்குவது, முடி முடியாக உருவத்தைப் பிரித்தெடுப்பது போன்ற சில வேலைகளை விலையுள்ள மென்பொருள்கள் எளிதாக முடிக்கின்றன என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் 2013-ல் அடோபி, இனிப் புதிய பதிப்புகள் சந்தாவுக்கே என்று அறிவித்தது. சம்பாதிப்பவருக்குச் சந்தா ஒரு செலவு. மாணவருக்கு அது சுமை. சந்தா நின்ற மாதத்தில் உங்கள் பழைய வேலையை அதே மென்பொருளில் திறந்து தொடர முடியாமற் போகும். திருட்டு நகலைப் பற்றி நான் சொல்லவே வேண்டியதில்லை. அது பிறர் உழைப்பைத் திருடுவது. கூடவே வைரசையும் வீட்டுக்கு அழைத்து வருவது.

நாளை நீங்கள் ஸ்டுடியோவிலோ அச்சகத்திலோ வேலைக்குச் சென்றால் அங்குள்ள மென்பொருளைக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். அது கடினமாக இராது. அடுக்குகள், வளைகோடு, வெண்சமநிலை, மறைப்பு ஆகிய கருத்துகள் எல்லா மென்பொருளிலும் ஒன்றே. பொத்தான் இருக்கும் இடம்தான் வேறு. ஒரு மிதிவண்டியில் ஓட்டக் கற்றவர் வேறொரு மிதிவண்டிக்கு மாறத் தயங்குவாரா?

"டார்க்டேபிளைத் திறந்தாலே தலை சுற்றுகிறது" என்பது இன்னொரு மறுப்பு. இதுவும் உண்மைதான். பட்டியல் நீளமானது. எல்லாவற்றையும் தொட வேண்டியதில்லை. முதல் ஆறு மாதங்களுக்கு நான்கு கருவிகள் போதும்: வெளிச்ச அளவு, வெண்சமநிலை, வளைகோடு, வெட்டுதல். ஒரு பொத்தானில் முடியும் வேலைக்கு நான்கு கருவிகள் ஏன் என்றால், அந்த ஒரு பொத்தான் உங்களுக்கு எதையும் கற்றுத்தருவதில்லை. நேற்று நன்றாக வந்தது, இன்று ஏன் வரவில்லை என்று கேட்டால் அது பதில் சொல்லாது.

இந்த மாதம் இதைச் செய்து பாருங்கள். வெள்ளைத் தட்டு ஒன்றைச் சன்னலோரம் வைத்துப் படம் எடுங்கள். மூலப் படத்தின் நகலைத் தனியே பத்திரப்படுத்துங்கள். மேற்சொன்ன நான்கு கருவிகளை மட்டும் கொண்டு திருத்துங்கள். ஒவ்வொரு முறையும் நிகழ்வுச் செவ்வகம் எப்படி நகர்கிறது என்று கவனியுங்கள். என்ன செய்தீர்கள், ஏன் செய்தீர்கள் என்று திருத்தத்துக்கு ஒரு வரி வீதம் நோட்டில் எழுதுங்கள். அடுத்த மாதம் அதே மூலப் படத்தை எடுத்து, பழைய குறிப்பைப் பார்க்காமல் மறுபடி திருத்துங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உங்கள் கண் எவ்வளவு பழகியிருக்கிறது என்பது உங்களுக்கே விளங்கும். ஒரு மென்பொருளில் இந்தப் பயிற்சியைச் செய்ய முடியவில்லை என்றால், அது எவ்வளவு புகழ்பெற்றதாக இருந்தாலும் உங்கள் முதல் மென்பொருளாக அது வேண்டாம்.